ரவைக்குத் தேங்காயெண்ணெய்

விநாயகமூர்த்தி துவக்குச் சுடப் பழகுகிறார் என்ற செய்தி ரொறன்ரோவின் வோபர்னில் இருந்த தமிழ்ச் சனத்துக்குள் பரவியபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பிய பிறகு சிரித்தார்கள். "வெடிச்சத்தம் வேண்டாமெண்டு நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தம். உவர் சந்தா கட்டிச் சுடப் போறார்" என்று சாமான் கடையில் வைத்தே சொன்னார்கள். அவருக்கும் அது கேட்டது. கேட்காத மாதிரி வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆளைப் பார்த்தால் சுடுகிற ஆள் மாதிரியே இல்லை. பிளாஸ்ரிக் கொம்பனியில் வேலை, மெல்லிய மீசை, தடித்த கண்ணாடி, செப்ரெம்பர் பிறந்ததுமே கழுத்தில் ஏறிவிடும் மஃப்ளர். கரப்பான் பூச்சி கண்டால்கூட மனைவி புனிதவதியைக் கூப்பிட்டு அடிப்பிக்கிற மனிதர். அவரைத் துவக்குக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர், அதே கொம்பனியில் வேலை செய்து ஓய்வுபெற்ற வோல்ற்றர் என்ற வெள்ளைக்காரர். வோல்ற்றருக்கு மோர்னிங்சைட்டில் ஒரு வீடும், வீட்டைவிட அவர் நேசித்த ஒரு கராஜும் இருந்தன. பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தன் றைபிளுக்கு வேண்டிய குண்டுகளை அந்தக் கராஜில் தானே வார்ப்பார். விநாயகமூர்த்தி ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை.

ஏன் போகிறார் என்று புனிதவதிக்கு ஒரேயொரு முறைதான் விளக்கம் சொன்னார். "இஞ்ச பாரும் புனிதம், அங்க சுட்டால் கடதாசிதான் கிழியுது. ஒருத்தரும் அழுறேல்லை. அதைப் பாக்க எனக்கு ஒரு ஆறுதலாக் கிடக்குது."

"உங்களுக்கு ஆறுதல். எனக்குக் கார்க் கதவை அடிச்சுச் சாத்தினாலே நெஞ்சு பதறுது" என்றாள் புனிதவதி. அத்துடன் சட்டமும் போட்டாள். ஈயமோ ரவையோ வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தின்னர் என்கிற அந்தப் பெயின்ற் கரைக்கிற தண்ணீரின் மணம் உடுப்பில் வந்தால், உடுப்போடு ஆளும் பல்கனியில்தான் படுக்கவேண்டும். விநாயகமூர்த்தி இதில் ஒன்றையும் மீறியதில்லை. அவளும் ஒரு ரவையைக் கையால் தொட்டதில்லை.

இப்படியே போயிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் பிறம்ரனிலிருந்து வந்தது. புனிதவதியின் தமையன் ஜெயரட்ணம் அங்கே ஒரு பெரிய வெயர்ஹவுஸில் சுப்பவைசர். அந்த வெயர்ஹவுஸ் முழுவதையும் தன் தோளில் சுமப்பவர் போலத்தான் நடப்பார். சந்திக்கும்போதெல்லாம் தங்கச்சி புருசனைப் பார்த்து, "என்ன மச்சான், இந்த மாசம் எத்தினை கடதாசியைக் கொன்றுபோட்டீர்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரிப்பார். சபையும் சிரிக்கும். புனிதவதி சிரிக்கமாட்டாள். தமையனையும் கண்டிக்கமாட்டாள், தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற தாங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின மாதம் ஜெயரட்ணம் ரெலிபோனில் அதே பகிடியை விட்டார். அன்றைக்கு விநாயகமூர்த்திக்கு என்ன பிடித்ததோ தெரியாது. கழகத்தில் வருடாவருடம் தாங்ஸ்கிவிங்குக்கு முதல்நாள் ஒரு போட்டி நடக்கும். கடதாசி இலக்கில் ஆகக் கூடப் புள்ளி எடுத்தவருக்கு ஒரு முழு வான்கோழி பரிசு. அது நினைவுக்கு வந்ததும் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"இந்த முறை எங்கட வீட்டை வாரும் மச்சான். குடும்பத்தோட வாரும். நான் சுட்டு வெண்ட வான்கோழிதான் சாப்பாடு."

ரெலிபோனை வைத்தபோது புனிதவதி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். "அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டியள்" என்றாள். "இனி அது வரத்தான் வேணும். வராட்டி அவர் சாகுமட்டும் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். எனக்கு அதைக் கேக்கேலாது. வான்கோழி வீட்டுக்கு வந்தால் நீங்கள் விரும்பினபடி சுடுங்கோ, நான் வாய் திறக்கேன். வராட்டி உந்த வேலையை இதோட விடோணும். சரியோ?"

"சரி" என்றார் விநாயகமூர்த்தி.

நல்லகாலத்துக்கு வோல்ற்றர் குண்டுகளை முன்னமே வார்த்து வைத்திருந்தார். ஆனால் சும்மா ஈயத்தைச் சுட முடியாது. குழலுக்குள் போகும்போது உரசி, ஈயம் குழல் முழுவதும் அப்பிக்கொள்ளும். அதற்காகக் குண்டுக்கு ஒரு மெழுகெண்ணெய் பூசுவார்கள். வோல்ற்றர் அதை லூப் என்பார். புனிதவதி அதன் நிறத்தைக் கேள்விப்பட்டு 'கரிப்பாணி' என்று பெயர் வைத்திருந்தாள். புதிதாக வாங்கும்போது தோசைமா மாதிரி ஓடும். பூசிக் காயவிட்டால் குண்டில் மெல்லிய தோலாகப் பிடிக்கும். இந்த முறை போத்தலின் மூடியை யாரோ போனவருடம் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். அந்த யாரோ விநாயகமூர்த்திதான். உள்ளே இருந்த லூப் தடித்து, போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் அசையாமல் கிடந்தது.

வோல்ற்றர் கோபிக்கவில்லை. அதிலிருந்த ஆவி போய்விட்டது, போனதைத் திருப்பிக் கொடுத்தால் பழையபடி ஓடும் என்றார். போத்தலைச் சுடுதண்ணீருக்குள் நிற்கவை, அடுப்பில் மட்டும் வைத்துவிடாதே. இளகியதும் ஒரு மூடியளவு தின்னர் விட்டுக் குலுக்கு. பிறகும் தடிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம். பூசினதை ஒரு இரவு காயவிடு. இவ்வளவையும் சொல்லி, கராஜ் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு, மகளைப் பார்க்க சட்பரிக்குப் போய்விட்டார். போட்டிக்கு நேரே வருவேன், றைபிளையும் நான் கொண்டுவருவேன் என்றார்.

கராஜில் சுடுதண்ணீர் இல்லை. தின்னர்த் தகரத்தைக் குலுக்கினால் அதுவும் வெறுமை. விநாயகமூர்த்தி போத்தலைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஈயம் வரக்கூடாது என்றுதானே சட்டம், லூப்பைப் பற்றிப் புனிதம் ஒன்றும் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். புனிதவதி வேலைக்குப் போயிருந்தாள். சட்டியில் சுடுதண்ணீர் எடுத்துப் போத்தலை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் கரிப்பாணி மெல்ல அசைந்தது. இனித் தின்னர் வேண்டும். தின்னர் வாங்கக் கடைக்குப் போகவேண்டும், வாங்கினால் மணக்கும், மணந்தால் பல்கனி.

அப்போதுதான் அவருடைய கண் தேங்காயெண்ணெய்ப் போத்தலில் பட்டது.

அந்தக் கிழமை ரொறன்ரோ வழக்கமான தன் விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒக்ரோபர் மாதத்தில் திடீரென்று கோடை திரும்பிவந்து, சனம் பெட்டியில் கட்டிவைத்த அரைக்காற்சட்டையைத் திரும்ப எடுத்திருந்தது. ஜன்னலோரம் நின்ற தேங்காயெண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்து, வெயிலில் மினுங்கியது. தலைமயிருக்கே இவ்வளவு வழுக்கிக் கொடுக்கிற எண்ணெய் ஈயத்துக்கு வழுக்காதா என்று விநாயகமூர்த்தி யோசித்தார். எண்ணெய் எண்டால் எண்ணெய்தானே. தின்னரும் வேண்டாம், மணமும் வேண்டாம், புனிதத்திடம் பேச்சும் வேண்டாம். இப்படி ஒரு மூளை வோல்ற்றருக்கு இத்தனை வருடம் வேலை செய்யவில்லையே என்று அவருக்காகக் கொஞ்சம் பரிதாபமும் பட்டார்.

ஒரு மூடி விட்டார். குலுக்கினார். இன்னொரு மூடி விட்டார். கை தாராளமான கை. கடைசியில் லூப் தோசைமா போல நெளிந்து ஓடியது. அதன் அழகைப் பார்த்து அவருக்கே உடம்பு சிலிர்த்தது. கராஜுக்குக் கொண்டுபோய்க் குண்டுகளைப் போட்டுப் புரட்டி எடுத்தார். மறுநாள் பார்த்தபோது ஒன்றும் காயவில்லை, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தன. காயாமல் இருப்பது நல்ல பதம் என்று முடிவுகட்டி, வெடிமருந்து நிரப்பி ரவைகளாக்கிப் பெட்டியில் அடுக்கினார். கராஜ் முழுவதும் சனிமுழுக்கு வாசம் வீசியது.

சனிக்கிழமை இரவு வடக்கிலிருந்து குளிர் இறங்கியது.

ஞாயிறு விடிய கார்க் கண்ணாடியில் வெண்பனி பிடித்திருந்தது. புனிதவதி தடித்த கோட், தொப்பி, கம்பளிக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாறன்" என்றாள். விநாயகமூர்த்தி திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

"உமக்குச் சத்தம் ஒத்துவராதே, புனிதம்."

"காருக்குள்ள இருக்கிறன். பஞ்சு கொண்டுவாறன். வெண்டதோ தோத்ததோ எண்டு என்ர கண்ணால பாக்கோணும். வந்து நீங்கள் ஒரு கதை சொல்லுவியள்."

கழகம் நகரத்துக்கு வடக்கே சோளம் வெட்டின வயல்களுக்கு நடுவில் இருந்தது. வோல்ற்றர் றைபிளோடு முன்னமே வந்து நின்றார். போட்டி இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து வெடி. விநாயகமூர்த்தி தன் இடத்தில் குந்தி, ரவைப் பெட்டியைப் பெருமையோடு திறந்தார்.

திறந்தவர் அப்படியே இருந்துவிட்டார். பளபளத்த ரவைகளைக் காணவில்லை. ஒவ்வொன்றின் மூக்கிலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிபிடித்து, சீனிப்பாகில் தோய்த்த பணியாரம் போலக் கிடந்தன. ரொறன்ரோவில் குளிர்காலம் வந்தால் தேங்காயெண்ணெய் உறையும் என்பது அங்கே பிறந்த தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். கொடுப்பினை இல்லை, அந்தக் கிழமை மட்டும் அது விநாயகமூர்த்திக்கு மறந்துபோயிருந்தது.

வோல்ற்றர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். ஒரு ரவையை எடுத்து மணந்தார். பிறகு விநாயகமூர்த்தியின் தலையை மணந்தார். இரண்டும் ஒரே மணம். மனிதர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, முதுகில் தட்டவேண்டியதாயிற்று. மாற்று ரவை கொடுக்கவும் அவரால் முடியவில்லை, அவர் அன்றைக்குக் கொண்டுவந்தவை வேறு அளவு. இருந்ததைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். வெளியே இருந்தது துடைபட்டது. குண்டைச் சுற்றியிருந்த தவாளிப்புப் பள்ளங்களுக்குள் உறைந்து கிடந்தது துடைபடவில்லை.

முதல் ரவை குழலுக்குள் முழுதாய்ப் போகப் பஞ்சிப்பட்டு இடையில் நின்றது. தள்ளி மூடிச் சுட்டபோது குண்டு இலக்கின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது ஒரு மூலையைக் கிழித்தது. மூன்றாவது பக்கத்து ஆளின் கடதாசியில் விழுந்தது, அவர் நன்றி சொன்னார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு புகை எழும்பியது. அந்தப் புகையின் வாசத்துக்கு வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "யார் பொப்கோர்ன் கொண்டுவந்தது?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

சுற்று முடிந்து புள்ளி வாசித்தார்கள். கடைசிப் பெயர் விநாயகமூர்த்தியுடையது. அதையும் அவர்களால் சரியாக உச்சரிக்க முடியாதபடியால், தோற்றது யாரென்று பாதிப்பேருக்கு விளங்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

மிச்ச ரவைகளோடு அவர் காரடிக்கு நடந்து வந்தார். புனிதவதி காதுக்குள் பஞ்சோடு, கண்ணை இறுக்கி மூடி, முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள். வயலில் வேறு யாரோ ஒத்திகைக்குச் சுட்ட சத்தத்துக்கு அவளுடைய தோள் ஒருமுறை துள்ளி அடங்கியது. அதைப் பார்த்ததும் விநாயகமூர்த்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோற்றதற்கு அல்ல. இந்தச் சத்தத்துக்குள் அவளைக் கொண்டுவந்து இருத்தியதற்கு.

கதவைத் திறந்து பக்கத்தில் இருந்தார். "போச்சு, புனிதம். எல்லாம் உறைஞ்சு போச்சு."

அவள் பஞ்சை எடுத்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "உது என்ர தேங்காயெண்ணெய்!"

"ஓம்."

"அதுதானே, போத்தல் பாதியாக் கிடந்தது. நான் என்ர மயிர் நீண்டு போச்சாக்கும், கனக்க முடியுது எண்டெல்லோ நினைச்சனான்." ஒரு நிமிசம் அவரைப் பார்த்தாள். "ஏன் தின்னர் விடேல்லை? உங்கட வோல்ற்றர் அதைத்தானே விடுறவர்?"

"தின்னர் மணக்கும். நீர் பேசுவீர்."

அவள் வலது கையுறையைக் கழற்றினாள். இடது கையுறையையும் கழற்றினாள். வெறும் உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினாள்.

"தாங்கோ."

"என்னத்தை?"

"உதைத்தான். ஐஞ்சும் தாங்கோ. உறைஞ்ச எண்ணெய் இளக்கிறது எனக்குப் புதுசே? ஒவ்வொரு சனியும் உங்கட தலைக்கு ஆர் இளக்கித் தாறது?"

ரவையைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்றிருந்தவளின் கையில் அவர் ஒவ்வொன்றாக வைத்தார். முதலாவது பட்டபோது அவளுடைய விரல்கள் ஒருமுறை கூசின. பிறகு மூடிக்கொண்டன. காரின் ஹீற்றரிலிருந்து வந்த இளம் சூட்டுக்கு முன்னால் மூடிய கைகளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ குருவிக்குஞ்சைப் பிடித்திருப்பவள் போல இருந்தாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரலிடுக்கில் எண்ணெய் கசிந்தது. ஒவ்வொரு ரவையாக எடுத்து, ரிசுக் கடதாசியால் மிச்ச எண்ணெயை ஒற்றி, தன் கம்பளிக் கையுறைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

"சூடு ஆறமுதல் சுடுங்கோ. ஓடுங்கோ."

விநாயகமூர்த்தி ஓடினார். இரண்டாம் சுற்றில் கையுறைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டார். நான்கு குண்டு நடுவட்டத்துக்குள் போயின. ஐந்தாவது அதன் கோட்டில் விழுந்தது. அந்தச் சுற்றில் அவரைவிட நன்றாகச் சுட்டவர் ஒருவரும் இல்லை. வோல்ற்றர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். ஆனால் முதல் சுற்றின் பள்ளம் அவ்வளவு இலேசில் நிரம்புகிற பள்ளம் அல்ல. குளிரில் விறைத்த கைகளோடு மற்றவர்களும் இரண்டாம் சுற்றில் சறுக்கியிருந்தபடியால், எல்லாம் கூட்டிப் பார்த்தபோது மூன்றாம் இடம். வான்கோழியை ஒரு தபாற்காரர் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் பரிசு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் உருளைக்கிழங்கு பின்சீற்றில் உருண்டது. விநாயகமூர்த்தி மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டிருந்தார். வோல்ற்றரிடம் எப்படிச் சொல்வது, சனிக்கிழமைகளில் இனி என்ன செய்வது, நாளைக்கு ஜெயரட்ணத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது. ஸ்காபரோவுக்குள் வந்ததும் புனிதவதி, "உந்தக் கடையில ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றாள். நிற்பாட்டினார். அவள் மட்டும் இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் தூக்க முடியாத ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் ஜெயரட்ணம் மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். கோட்டைக் கழற்றவில்லை, குசினிக்குள் மூக்கை நீட்டினார். அடுப்புக்குப் போகக் காத்திருந்த வான்கோழி மிளகாய்த்தூள் பூசி, தட்டில் மல்லாந்து கிடந்தது. விநாயகமூர்த்தி அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் சுவரோடு ஒட்டி நின்றார்.

"உதுவோ?" என்றார் ஜெயரட்ணம்.

"ஓம் அண்ணை" என்றாள் புனிதவதி, உருளைக்கிழங்கை உரித்தபடியே. "இவற்ற வெடிதான். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

பரிசு எப்படிக் கொடுப்பார்கள் என்ற விபரம் எல்லாம் ஜெயரட்ணத்துக்குத் தெரியாது. காட்டுக்குள் ஓடின வான்கோழியைத் தன் மச்சான் துரத்திச் சுட்டதாகத்தான் அவர் விளங்கிக்கொண்டார். இருந்தாலும் சந்தேகப்படுவது அவருடைய தொழில். தட்டைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "வெடி எங்க பட்டது? காயத்தைக் காணேல்லை."

புனிதவதி கத்தியை வைத்தாள். வந்து, வான்கோழியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, குடல் எடுத்த பெரிய ஓட்டையைத் தமையனுக்கு நேராகத் திருப்பினாள்.

"இதுக்குள்ளால போய்," என்றாள், "அங்கால வெளிக்கிட்டது."

ஜெயரட்ணம் அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு முதல்தடவையாக அவருக்குப் பகிடி வரவில்லை. சாப்பிடும்போதும் அடக்கமாக இருந்தார். பல்லில் ஈயம் கடிபடும் என்று பிள்ளைகளை எச்சரித்து, தானும் ஒவ்வொரு துண்டையும் நாக்கால் துழாவித் துழாவி விழுங்கினார். போகும்போது விநாயகமூர்த்தியின் கையைப் பிடித்து, "கிறிஸ்மசுக்கும் ஏதும் சுடுவீரோ மச்சான்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர்களுடைய வாகனம் திரும்பிப் போனதும் வீடு அமைதியானது. புனிதவதி சட்டி கழுவினாள். விநாயகமூர்த்தி துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். சொல்லவேண்டியதை அவரே சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தார்.

"நான் சொன்ன சொல்லு சொன்னதுதான் புனிதம். வோல்ற்றரிட்டை நாளைக்குத் திறப்பைக் குடுத்துப்போடுறன்."

"ஏன்?"

"வான்கோழி..."

"வான்கோழி வீட்டுக்கு வந்தால் எண்டுதானே சொன்னனான். வரேல்லையே? அண்ணை ரெண்டு காலையும் திண்டிட்டுப் போறார்." அவள் கையை உதறித் துடைத்தாள். துடைத்த உள்ளங்கையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய் மணந்தாள். நேற்றையிலிருந்து நான்கு தரம் சவர்க்காரம் போட்டும் அந்த மணம் போகவில்லை என்று காலையில் முறைப்பட்டிருந்தாள். இப்போது முறைப்படவில்லை.

"தின்னரை வாங்கிப் பல்கனியில வையுங்கோ. என்ர எண்ணெயில கை வைக்காதையுங்கோ" என்றாள். "அடுத்த வருசம் குளிரெண்டால், முதல் சுற்றுக்கே ரவையை என்னட்டைத் தாங்கோ."